வைக்கிங் படங்களில் ஓடும் குதிரைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்தக் காலத்தையும் எந்தப் படங்களையும் பற்றி இங்கே பேசப்படுகிறது?

வட இங்கிலாந்தின் லிண்டிஸ்ஃபார்ன் மடாலயம் 793இல் சூறையாடப்பட்டதிலிருந்து, நார்வே மன்னர் ஹரால்ட் ஹர்த்ராதா 1066இல் ஸ்டாம்ஃபோர்ட் பிரிட்ஜ் போர்க்களத்தில் மாண்டது வரையிலான ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகளே பொதுவாக வைக்கிங் காலம் எனப்படுகின்றன. ஸ்காண்டிநேவியக் கடலோடிகளைப் பற்றிய படங்களில், கிர்க் டக்ளஸ் நடித்த ‘தி வைக்கிங்ஸ்’ (1958), ஹ்ராஃப்ன் குன்லாய்க்சன் ஐஸ்லாந்தில் எடுத்த ‘ஹ்ராப்னின் ஃப்ளீகுர்’ (1984), ‘தி 13த் வாரியர்’ (1999), ‘பாத்ஃபைண்டர்’ (2007), ராபர்ட் எகர்ஸ் இயக்கிய ‘தி நார்த்மேன்’ (2022) ஆகியவையும், 2013 முதல் 2020 வரை ஒளிபரப்பான ‘வைக்கிங்ஸ்’ தொடரும் இங்கே எடுத்துக்காட்டுகளாக வருகின்றன.

கப்பல்களை அவ்வளவு கவனமாகக் காட்டும் படங்கள் குதிரைகளில் மட்டும் ஏன் கோட்டை விடுகின்றன?

கப்பலைக் கட்டியாக வேண்டும். குதிரை வாடகைக்குக் கிடைக்கும். நெடுங்கப்பல் ஒன்றைக் கட்ட முனையும் தயாரிப்பாளர் தச்சர்களிடம் ஏதேனும் ஒரு வரைபடத்தைக் கொடுத்தாக வேண்டும் என்பதால், 1880இல் நார்வேயில் தோண்டியெடுக்கப்பட்ட கோக்ஸ்டாட் கப்பலையோ, அதற்குக் கால் நூற்றாண்டுக்குப் பின் வெளிவந்த ஓசபெர்க் கப்பலையோ நாடிச் செல்கிறார். அந்த இடத்தில் தொல்லியல் படத்துக்குள் நுழைந்துவிடுகிறது. 1958ஆம் ஆண்டுப் படத்தின் கப்பல்கள் கோக்ஸ்டாட் கப்பலை முன்மாதிரியாகக் கொண்டே கட்டப்பட்டன. அதே படத்தில் இங்கிலாந்துக் கோட்டையாக வருவதோ, பிரான்சின் பிரித்தானி கடற்கரையிலுள்ள ஃபோர் லா லாத் எனும் கற்கோட்டை. 14ஆம் நூற்றாண்டில் எழுந்த அந்தக் கோட்டை 9ஆம் நூற்றாண்டுக் கதையில் இடம்பெற்றதற்குக் காரணம், அது ஏற்கெனவே அங்கே நின்றுகொண்டிருந்ததுதான்.

குதிரைகளும் அப்படித்தான் திரைக்கு வருகின்றன. படப்பிடிப்பு நடக்கும் நாட்டில், தீப்பந்தத்துக்கும் கூச்சலுக்கும் மிரளாமல் பழக்கப்பட்ட குதிரைகளை வைத்திருப்பவர் எந்த இனத்தை வைத்திருக்கிறாரோ, அந்த இனமே வைக்கிங் குதிரையாகிவிடுகிறது. ‘வைக்கிங்ஸ்’ தொடர் அயர்லாந்திலும் ‘தி லாஸ்ட் கிங்டம்’ தொடர் ஹங்கேரியிலும் எடுக்கப்பட்டன. இரண்டும் குதிரை வளர்ப்பில் பேர்பெற்ற நாடுகள். ஆனால் அந்தப் பெயரைப் பெற்றுத் தந்தவை உயரமான சவாரிக் குதிரைகள். எனவே, ஒரு வரலாற்றுப் படத்தின் அக்கறை எந்த எல்லையோடு நின்றுபோகிறது என்பதை அறியக் கப்பலைவிடக் குதிரையே நம்பகமான அளவுகோல் என்பது என் கருத்து.

அக்காலக் குதிரைகள் உண்மையில் எவ்வளவு உயரம்?

அகழாய்வுகளில் கிடைத்த எலும்புகளைக் கொண்டு கணக்கிட்டால், தோள்மேட்டு உயரம், அதாவது பிடரி முடிந்து முதுகு தொடங்கும் இடத்திலிருந்து தரைவரையிலான அளவு, பெரும்பாலும் 120 முதல் 140 சென்டிமீட்டருக்குள் அடங்குகிறது. இன்றைய பந்தயக் குதிரை 160ஐச் சாதாரணமாகத் தாண்டும். திரையில் நாம் காணும் குதிரைகள் இந்தப் பிற்காலத்து உயரத்தைச் சேர்ந்தவை என்பதால், வைக்கிங் தலைவர் ஒருவர் குதிரைமேல் அமர்ந்து கீழே நிற்கும் உழவரை ஆளுயரத்துக்கு மேலிருந்து நோக்கும் காட்சி, கம்பீரமாக இருந்தாலும், அக்காலத்தில் நிகழ்ந்திருக்க இயலாதது. உண்மையான குதிரையின் மீது அவர் அமர்ந்திருந்தால், நின்றுகொண்டிருக்கும் உழவரின் முகம் அவருடைய மார்பளவுக்காவது வந்திருக்கும். அவருடைய பாதங்கள் குதிரையின் வயிற்றுக்குக் கீழே தொங்கியிருக்கும். 11ஆம் நூற்றாண்டில் நூலால் தைக்கப்பட்ட, ஏறத்தாழ 70 மீட்டர் நீளமுள்ள பேயோ சித்திரத் துணியில் நார்மன் வீரர்கள் இப்படித்தான் கால்கள் தொங்க அமர்ந்திருக்கிறார்கள்.

உயரம் குறைவு என்பதால் வலுவும் குறைவு என்று கருத வேண்டியதில்லை. இன்றைய ஐஸ்லாந்துக் குதிரை ஏறத்தாழ 350 கிலோ எடையே உள்ளது. ஆயினும் முழு வளர்ச்சி பெற்ற ஓர் ஆளைச் சுமந்துகொண்டு எரிமலைக் குழம்பு உறைந்த கரடுமுரடான நிலத்தையும் பனியாறுகளையும் கடக்கிறது. தயாரிப்பாளர்களைத் தடுப்பது குதிரையின் திறன் அன்று, நாயகனின் தோற்றம் குறித்த அச்சம். ஆறடி நடிகர் சிறு குதிரையில் ஏறினால் பார்வையாளர்கள் சிரித்துவிடுவார்கள் என்ற எண்ணம் திரைத்துறையில் ஆழமாக ஊன்றியிருக்கிறது.

‘தி 13த் வாரியர்’ படத்தில் வைக்கிங்குகள் அரபுக் குதிரையைக் கேலி செய்கிறார்களே, அது சரியா?

தலைகீழ். அன்டோனியோ பண்டேராஸ் ஏற்ற, 10ஆம் நூற்றாண்டு அரபுப் பயணி இப்னு ஃபத்லானின் பாத்திரம் ஓட்டி வரும் அரபுக் குதிரையை நாயோடு ஒப்பிட்டு வடநாட்டார் நகைக்கிறார்கள்; அவர்களுடைய குதிரைகள் பெருத்தும் உயர்ந்தும் இருக்கின்றன. பிறகு அந்தச் சிறு குதிரை தடைகளைத் தாண்டிக் குதித்து அவர்கள் வாயை அடைக்கிறது. நாடகமாகப் பார்த்தால் நன்றாக அமைந்த காட்சிதான். ஆனால் 10ஆம் நூற்றாண்டில் இரு தரப்பினரும் உண்மையில் சந்தித்திருந்தால், அண்ணாந்து பார்த்திருக்க வேண்டியவர்கள் வடநாட்டவர்கள். கிண்டல் செய்யும் உரிமை அரபுப் பயணிக்கே இருந்திருக்கும்.

நீண்ட பிடரியுடைய கருங்குதிரைகள் அடிக்கடி வருகின்றனவே?

அவை பெரும்பாலும் ஃப்ரீசியன் இனம். நெதர்லாந்தின் ஃப்ரீஸ்லாந்தில் உருவான இந்த இனத்தின் முறையான பரம்பரைப் பதிவேடு 1879இல்தான் தொடங்கியது. அதன் இன்றைய தோற்றம் வைக்கிங் காலத்துக்குப் பல நூற்றாண்டுகள் பிந்தியது. ஒளிப்பதிவாளர்களுக்குப் பிடித்த குதிரை என்பதைத் தவிர அது அங்கே நிற்பதற்கு வேறு நியாயம் இல்லை. நார்வேயின் ஃபியோர்ட் குதிரையையோ ஸ்வீடனின் கோட்லாந்து தீவுக் குதிரையையோ பயன்படுத்தியிருந்தால் உருவமும் உயரமும் ஓரளவு பொருந்தியிருக்கும்.

வைக்கிங்குகள் குதிரைகளைக் கப்பலில் ஏற்றிச் சென்றார்களா, அல்லது போன இடத்தில் பிடித்துக்கொண்டார்களா?

இரண்டும் நடந்தன. இங்கிலாந்தின் ஆங்கிலோ-சாக்சன் ஆண்டுக் குறிப்பேடு, 865இல் கிழக்கு ஆங்லியாவில் இறங்கிய பெரும்படை அங்கேயே குதிரைகளைப் பெற்றுக்கொண்டதாகவும், அவ்வட்டாரத்து மக்கள் அவர்களோடு சமாதானம் செய்துகொண்டதாகவும் கூறுகிறது. கடலோடிப் படை என நாம் நினைப்பது தரையிறங்கிய சில மாதங்களிலேயே குதிரையேறிய படையாகிவிட்டது. அந்தப் படை அடுத்த ஆண்டுகளில் யார்க், ரெப்டன், வேர்ஹாம், எக்ஸெட்டர் என நாடு முழுவதும் விரைந்து நகர்ந்ததற்கு ஆறுகளைப் போலவே குதிரைகளும் காரணம். வேர்ஹாமிலிருந்து நழுவி எக்ஸெட்டருக்குப் போன குதிரைப் பிரிவை ஆல்ஃபிரட் மன்னர் துரத்தியும், அவர்கள் கோட்டைக்குள் புகுவதற்கு முன் எட்டிப் பிடிக்க இயலவில்லை என அதே குறிப்பேடு ஒப்புக்கொள்கிறது.

இந்தக் குறிப்பை மட்டும் நம்பி, குதிரைகளெல்லாம் இங்கிலாந்தில் கவரப்பட்டவையே என்று நெடுங்காலம் கருதப்பட்டது. 2023இல் வெளியான ஓர் ஆய்வு அந்தக் கருத்தை மாற்றியது. டெர்பிஷயரில் ரெப்டனுக்கு அருகே ஹீத் வுட் என்ற இடத்தில் வைக்கிங்குகளின் தகன மேடுகள் 59 உள்ளன. அங்கே மனித எலும்போடு எரிந்து கிடந்த குதிரை, நாய் எலும்புகளில் மேய்ந்த மண்ணுக்கேற்ப மாறும் ஸ்ட்ரோன்ஷியம் தனிமத்தின் விகிதத்தை அளந்தபோது, அவ்விலங்குகள் இங்கிலாந்து மண்ணில் வளர்ந்தவை அல்ல, ஸ்காண்டிநேவியாவின் தொன்மையான பாறைப் பகுதியில் மேய்ந்தவை என்று தெரிந்தது. அங்கிருந்து வந்து சில காலத்துக்குள் அவை இறந்திருக்கின்றன. ஆக, தலைவர்களாவது தம் சொந்தக் குதிரையையும் நாயையும் வட கடலைத் தாண்டிக் கொண்டுவந்திருக்கிறார்கள். ஒரு படத்தில் நூறு கப்பல்களிலிருந்து நூறு குதிரைகள் பாய்ந்து இறங்கினால் 865ஆம் ஆண்டுக்கு அது மிகை. தலைவருடைய கப்பலிலிருந்து ஒரே ஒரு குதிரை தயங்கித் தயங்கி இறங்கினால் அது நம்பத்தக்கது. அப்படியொரு காட்சி இருந்தால் அதற்காகவே அந்தப் படத்தை நான் பாராட்டுவேன்.

காலம் செல்லச் செல்லக் கணக்கு மாறுகிறது. 892இல் ஃபிரான்சின் பூலோனிலிருந்து புறப்பட்ட படை, குதிரைகள் உட்பட எல்லாவற்றோடும் ஒரே பயணமாக 250 கப்பல்களில் கென்ட் கரையை அடைந்ததாகக் குறிப்பேடு சொல்கிறது. அது ஆங்கிலக் கால்வாய் என்னும் கடற்பகுதியைக் கடக்கும் குறுகிய பயணம் என்பதையும் கவனிக்க வேண்டும். 1066இல் நார்மன்கள் அதே கால்வாயைக் கடந்தபோது கப்பல் விளிம்புக்கு மேலே குதிரைகளின் தலைகள் வரிசையாகத் தெரிவதையும், கரையில் அவை இறங்குவதையும் பேயோ துணியில் காணலாம்.

அவ்வளவு தாழ்வான கப்பலில் குதிரையை எப்படி ஏற்றியிருப்பார்கள்?

தாழ்வாக இருப்பதுதான் வசதி. டென்மார்க்கின் ஃபூன் தீவில் 1935இல் கண்டுபிடிக்கப்பட்ட லாட்பி கப்பல் 21 மீட்டருக்கு மேல் நீளமும் ஏறத்தாழ 3 மீட்டர் அகலமும் கொண்டது. அதன் பக்கவாட்டு உயரம் மிகக் குறைவு. 1960களில் அதன் மாதிரியைக் கட்டிக் குதிரைகளை ஏற்றிப் பார்த்தபோது, ஆழமற்ற கரையில் அவை விளிம்பைத் தாண்டி ஏறி இறங்கப் பெரிய ஏற்பாடு எதுவும் தேவைப்படவில்லை. உயரமான பந்தயக் குதிரைக்கு இது கடினம், 130 சென்டிமீட்டர் குதிரைக்கு எளிது. படங்களில் வரும் சாய்வுப் பலகையும் இழுவைக் கயிறும் திரைக்கதையின் தேவை.

நீண்ட கடற்பயணத்துக்குப் போர்க்கப்பல் ஏற்றதன்று. ஐஸ்லாந்தில் குடியேறியவர்கள் க்னார் என்னும் அகன்ற சரக்குக் கப்பலைப் பயன்படுத்தினார்கள். டென்மார்க்கின் ரோஸ்கில்ட கடற்கழியில் 1962இல் மீட்கப்பட்ட ஸ்குல்டெலெவ் கப்பல்களுள் ஒன்று இவ்வகையைச் சேர்ந்தது. 16 மீட்டர் நீளமுள்ள அது 24 டன் அளவுக்குச் சரக்கு ஏற்றவல்லது. நார்வேயின் ஸ்டாட் முனையிலிருந்து ஐஸ்லாந்தின் கிழக்குக் கரைக்கு ஏழு நாள் பயணம் என்று குடியேற்ற நூலாகிய ‘லான்ட்நாமபோக்’ கூறுகிறது. ஒரு சிறு குதிரைக்கு நாளுக்கு 20 லிட்டர் நீர் என்று வைத்தால், பத்துக் குதிரைகளுக்கு ஏழு நாளில் 1,400 லிட்டர். அதாவது ஏறத்தாழ ஒன்றரை டன் நன்னீரும் அதற்கு மேல் வைக்கோலும். காற்று எதிர்த்தால் இந்தக் கணக்கு இரட்டிப்பாகும். கூடவே, குதிரையால் வாந்தியெடுக்க முடியாது என்பதால் அலைக்கழிப்பின் உபாதையை அது உடலுக்குள்ளேயே தாங்கியாக வேண்டும். இந்தச் சிரமங்களை எல்லாம் கடந்து வந்தவையே ஐஸ்லாந்தின் முதல் குதிரைகள். எனினும், அட்லாண்டிக் பயணத்தைக் காட்டும் படங்களில் புயலும் சுறுசுறுப்பான துடுப்போட்டமும் இருக்கும். திறந்த தளத்தில் கட்டிவைக்கப்பட்ட கால்நடைகளும் அவற்றின் சாணமும் இருப்பதில்லை.

அந்தக் குடியேற்ற நூலிலேயே ஒரு முழுப் படத்துக்குரிய கதை உண்டு. கால்நடைகளோடு வந்த கப்பலொன்று வட ஐஸ்லாந்தில் கரையொதுங்கியபோது ஓர் இளம் பெட்டைக் குதிரை காட்டுக்குள் தப்பிவிட்டது. அகப்பட்டால் தனக்கு என்ற பேச்சில் அதை விலைக்கு வாங்கிய தோரிர் என்பவர் தேடிப் பிடித்துவிட்டார். ஃப்ளூகா என்று பெயர்பெற்ற அது மிக விரைந்து ஓடியது. மந்திரவாதி எனப்பட்ட ஓர்ன் என்பவர் அதோடு பந்தயம் கட்டித் தோற்று, அவமானம் தாங்காமல் உயிர்விட்டார். ஃப்ளூகா ஈன்ற குட்டி பின்னர் வெளிநாட்டுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. ஃப்ளூகா சதுப்பில் மூழ்கி இறந்த இடம் இன்றும் ஃப்ளூகுமீரி என்றே வழங்குகிறது.

குதிரைப்படைத் தாக்குதல் காட்சிகள் உண்மையானவையா?

பெரும்பாலும் இல்லை. குதிரையில் போர்க்களத்துக்குச் செல்வது, இறங்கி நின்று கேடயச் சுவர் அமைத்துப் போரிடுவது என்பதே வைக்கிங்குகளுக்கும் அவர்களை எதிர்த்த ஆங்கிலேயருக்கும் பொதுவான வழக்கம். 991இல் நடந்த மால்டன் போரைப் பாடும் பழைய ஆங்கிலக் கவிதை, ஆங்கிலேயத் தளபதி பிர்த்நோத் தம் வீரர்களிடம் குதிரைகளை விரட்டிவிட்டு முன்னேறிச் செல்லுமாறு ஆணையிடுவதோடுதான் நமக்குக் கிடைக்கிறது. அவர் வீழ்ந்தபின் காட்ரிக் என்பவன் தலைவரின் குதிரையிலேயே ஏறி ஓட, தலைவரே ஓடுகிறார் என்று எண்ணிப் பலர் பின்வாங்குகிறார்கள். குதிரை அங்கே போர்க்கருவியாக இல்லை. தப்பியோடும் வழியாக இருக்கிறது. இந்தக் காட்சி எந்தக் குதிரைப்படைப் பாய்ச்சலையும்விடத் திரைக்கு ஏற்றது என்பேன்.

எதிர்வாதத்துக்குச் சிலர் ஸ்டாம்ஃபோர்ட் பிரிட்ஜைக் காட்டுவதுண்டு. ஐஸ்லாந்தின் வரலாற்றெழுத்தாளர் ஸ்னோரி ஸ்தூர்லுசன் அந்தப் போரில் ஆங்கிலேயக் குதிரை வீரர்கள் நார்வேப் படையைச் சுற்றிச் சுற்றித் தாக்கியதாக எழுதியிருக்கிறார். ஆனால் அவர் எழுதியது போருக்கு ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின். அதே ஆண்டில் சில வாரங்கள் கழித்து நார்மன்கள் ஹேஸ்டிங்ஸில் நடத்திய குதிரைப் போரின் நினைவு இதில் கலந்திருக்கிறது என வரலாற்றாசிரியர்கள் பலர் கருதுகிறார்கள். 10ஆம் நூற்றாண்டு டென்மார்க்கில் நிலைமை சற்று வேறு. அங்கே பெருமக்கள் குதிரை, ஈட்டி, அங்கவடி (ஏறியிருப்பவர் கால் வைக்கும் வளையம்), குதிமுள் (குதிரையை விரட்டக் குதிகாலில் மாட்டும் முள்) ஆகியவற்றோடு புதைக்கப்பட்டார்கள். 2012இல் கண்டறியப்பட்ட ஃபிரெகர்ஸ்லெவ் கல்லறையில் பொன்முலாம் பூசிய கடிவாள அணிகள் கிடைத்தன. குதிரை ஏறிப் போரிடத் தெரிந்த உயர்குடியினர் அங்கே இருந்திருக்கலாம். அதைக் கொண்டு 9ஆம் நூற்றாண்டு நார்வேக் கிராமத்தினர் குதிரைப்படையாக அணிவகுத்தார்கள் என்று காட்டுவது பொருந்தாது.

அங்கவடி, லாடம் ஆகியவற்றில் எதைக் கவனிக்க வேண்டும்?

அங்கவடி கிழக்கிலிருந்து அவார் மக்களோடு 6, 7ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பாவுக்கு வந்தது. ஸ்காண்டிநேவியாவில் அது பரவலாகத் தென்படுவது 10ஆம் நூற்றாண்டில்தான். 793ஐ ஒட்டிய கதையில் ஒவ்வொருவர் காலும் அங்கவடியில் இருந்தால் அது அவசரம். 980ஐ ஒட்டிய டென்மார்க் கதையில் இல்லாவிட்டால் அது குறை. ஆணியடித்த லாடம் அக்காலத்தில் வழக்கில் இல்லை எனலாம். அதற்குப் பதிலாக, உறைபனியில் வழுக்காமலிருக்கக் குளம்பில் பொருத்தும் இரும்பு முட்கள் கல்லறைகளில் கிடைக்கின்றன. குளம்பொலி ‘டக் டக்’ என்று கேட்கும் ஒலிப்பதிவுகூட இந்த வகையில் பிழையே. ஆனால் நவீனக் குதிரைகளின் லாடத்தைப் படப்பிடிப்புக்காகக் கழற்றச் சொல்லும் அளவுக்கு நான் பிடிவாதக்காரன் அல்லன். அது குதிரைக்குத் தீங்கு.

அமெரிக்காவில் வைக்கிங்குகள் குதிரை ஓட்டினார்களா?

‘பாத்ஃபைண்டர்’ அப்படிக் காட்டுகிறது. கொம்பு முளைத்த கவசங்களோடு பெருங்குதிரைகளில் வந்து பூர்வகுடிகளை வேட்டையாடுகிறார்கள். கிரீன்லாந்துவரை குதிரை போனது உண்மை. அங்குள்ள பண்ணைகளில் எலும்புகள் கிடைத்துள்ளன. மகன் லெய்ஃபோடு மேற்கே புறப்படக் கப்பலை நோக்கிச் சென்ற செந்தலை எரிக், குதிரை இடறியதால் விழுந்து, இனி நாடு காண்பது தமக்கு விதிக்கப்படவில்லை என்று வீடு திரும்பியதாகச் சாகா எனப்படும் பழைய ஐஸ்லாந்து உரைநடைக் கதை கூறுகிறது. அந்தக் குதிரையோ அதன் சந்ததியோ அமெரிக்கக் கரையில் கால் வைத்ததற்குச் சான்று இல்லை. நியூஃபவுண்ட்லாந்தின் லான்ஸ் ஓ மெடோஸ் குடியிருப்பில், 1021இல் மரம் வெட்டப்பட்டதை மரவளையங்கள் காட்டுகின்றன. குதிரை இருந்ததை எதுவும் காட்டவில்லை. பனியுகத்தின் இறுதியில் அக்கண்டத்திலிருந்து மறைந்த குதிரை, 1493இல் கொலம்பஸின் இரண்டாம் பயணத்தோடுதான் கரீபியன் தீவுகளுக்குத் திரும்பியது.

ஐஸ்லாந்துக் குதிரையைப் பயன்படுத்திவிட்டால் பிழை தீர்ந்துவிடுமா?

பெருமளவுக்குத் தீரும், முழுவதுமாக அன்று. ஐஸ்லாந்துக்குள் உயிருள்ள குதிரையை இறக்குமதி செய்ய இன்று அனுமதி இல்லை. வெளியே போன ஐஸ்லாந்துக் குதிரையும் திரும்ப முடியாது. நோய் தொற்றக்கூடும் என்ற அச்சமே காரணம். இதனால் அந்தத் தீவில் எடுக்கப்படும் படத்தில் வேறு இனக் குதிரை தலைகாட்ட வழியே இல்லை. ‘ஹ்ராப்னின் ஃப்ளீகுர்’ படத்தில் குதிரைகள் பொருத்தமாக அமைந்ததற்கு இயக்குநரின் அறிவைப் போலவே நாட்டின் கால்நடைச் சட்டமும் காரணம்.

ஆனால் இன்றைய குதிரை ஆயிரம் ஆண்டுகளாக மாறாமல் நின்ற சிலை அன்று. 1783இல் வெடித்த லாகி எரிமலையின் நச்சுப்புகையும் பஞ்சமும் தீவின் குதிரைகளில் பெரும்பகுதியை அழித்தன. 20ஆம் நூற்றாண்டில் நடந்த தேர்ந்த இனப்பெருக்கம் உயரத்தைக் கூட்டியது. நடையிலும் ஒரு சிக்கல் உண்டு. நடை, ஓட்டம், பாய்ச்சல் ஆகியவற்றோடு, முதுகு குலுங்காமல் செல்லும் டோல்ட் என்ற நடையும் ஸ்கைத் என்ற விரைவோட்டமும் அந்தக் குதிரைக்கு உண்டு. இந்த மிதநடைக்கு அடிப்படையான மரபணு மாற்றத்தைப் பழைய எலும்புகளில் தேடிய 2016ஆம் ஆண்டு ஆய்வில், அது 9ஆம் நூற்றாண்டு யார்க் நகரத்துக் குதிரைகளிலும், அடுத்து ஐஸ்லாந்துக் குதிரைகளில் மிகுதியாகவும் காணப்பட்டது. அதே காலத்து ஸ்காண்டிநேவியக் குதிரைகளில் காணப்படவில்லை. வைக்கிங்குகள் பிரிட்டனில் கண்டெடுத்த இந்த நடையை ஐஸ்லாந்துக்குக் கொண்டுசென்று பெருக்கினார்கள் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். எனவே, 9ஆம் நூற்றாண்டு நார்வேயில் நடக்கும் கதையில் குதிரை டோல்ட் நடையில் வந்தால், இனத்தில் சரியாக இருக்கும் படம் நடையில் தவறிவிடும். இந்த அளவுக்குக் குறை காண்பது நியாயமா என்று கேட்டால், இல்லை என்பேன்; இருந்தாலும் தெரிந்துவைத்துக்கொள்ளலாம்.

குதிரையைப் பலியிடும் காட்சிகள் மிகைப்படுத்தப்பட்டவையா?

இல்லை, பெரும்பாலும் அடக்கி வாசிக்கப்பட்டவை. கோக்ஸ்டாட் கல்லறையில் 12 குதிரைகள், லாட்பியில் 11, ஓசபெர்க்கில் பத்துக்கும் மேல். 922இல் வோல்கா ஆற்றங்கரையில் ரூஸ் எனப்பட்ட கிழக்கு வைக்கிங்குகளின் தலைவர் ஒருவரின் ஈமச்சடங்கை நேரில் கண்ட இப்னு ஃபத்லான், இரண்டு குதிரைகளை வியர்க்கும்வரை ஓடவிட்டு, வாளால் துண்டாக்கிக் கப்பலில் எறிந்ததை எழுதிவைத்தார். ஐஸ்லாந்தின் கல்லறைகளில் மனிதருக்கு அடுத்துக் குதிரையே மிகுதி. பழைய மரபணுவைச் சோதித்ததில் அவற்றுள் ஏறத்தாழ அனைத்தும் ஆண் குதிரைகள் என்று தெரிந்தது. ‘தி நார்த்மேன்’ படத்தில் வரும் கப்பல் அடக்கச் சடங்கு, தொல்லியலாளர் நீல் பிரைஸ் ஆலோசகராக இருந்ததன் பயனைக் காட்டுகிறது.

படங்கள் தொடவே தொடாதது இறைச்சி. பலியிட்ட குதிரையைச் சமைத்து உண்பது பழைய சமயத்தின் மையச் சடங்கு. கிறித்தவரான நார்வே மன்னர் ஹாகோனிடம், குதிரை இறைச்சியையாவது, அதன் சாற்றையாவது உண்ணுமாறு உழவர்கள் வற்புறுத்தினார்கள். இறுதியில் கொப்பரையின் கைப்பிடியைத் துணியால் சுற்றி, அதன் ஆவியின் மேல் வாயைத் திறந்து காட்டி அவர் தப்பித்தார். மறு குளிர்காலத்தில் ஈரலைச் சில துண்டுகள் விழுங்கவே நேர்ந்தது என்கிறார் ஸ்னோரி. ஐஸ்லாந்து கி.பி. 1000ஐ ஒட்டிக் கிறித்தவத்தை ஏற்றபோதும், குதிரை இறைச்சி உண்ணும் உரிமை தற்காலிகமாக விட்டுவைக்கப்பட்டது. ஒரு நாட்டின் மதமாற்றப் பேச்சுவார்த்தையில் உணவுத் தட்டு இவ்வளவு பெரிய இடம் பிடித்திருந்தும், திரையில் வைக்கிங்குகள் எப்போதும் பன்றியையே வாட்டித் தின்கிறார்கள்.

சாகாக்களில் குதிரைகளுக்கு வேறு என்ன வேலை?

சண்டை மூட்டுவது. இரண்டு ஆண் குதிரைகளை மோதவிட்டுப் பார்ப்பது ஐஸ்லாந்தில் விரும்பப்பட்ட பொழுதுபோக்கு. ‘ந்யால் சாகா’வில் அப்படியொரு மோதலில் குன்னரின் குதிரைக்குக் கண் போக, அது மனிதர்களின் பகையாக வளர்கிறது. ‘ஹ்ராப்ன்கெல் சாகா’வில் ஃப்ரெய் தெய்வத்துக்கு நேர்ந்துவிட்ட குதிரையில் தடையை மீறி ஏறிய இடையன் கொல்லப்படுகிறான், முழுக்கதையும் அந்த ஒரு சவாரியிலிருந்து பிறக்கிறது. நாடு கடத்தப்பட்ட குன்னர் கப்பலேறப் போகும்போது குதிரை இடற, கீழே குதித்தவர் திரும்பித் தம் நிலத்தைப் பார்த்து, போவதில்லை என்று முடிவெடுக்கிறார். அந்த முடிவே அவர் உயிரைப் பறிக்கிறது. எரிக் விழுந்தது, ஸ்டாம்ஃபோர்ட் பிரிட்ஜுக்கு முன் ஹரால்ட் தம் கருங்குதிரையிலிருந்து விழுந்தது, குன்னரின் குதிரை இடறியது என, சாகா ஆசிரியர்களுக்குக் குதிரை பாய்வதைவிட இடறுவதே கதைத் திருப்பம். திரைப்படம் இதற்கு நேர் எதிராகச் செல்கிறது.

அன்றாட வாழ்வில் குதிரை எங்கே இருந்தது?

பொதி சுமப்பதில். நார்வேயின் லெண்ட்பிரீன் மலைக் கணவாயில் பனி உருகியதால் வெளிப்பட்ட பொருள்களில், குதிரைச் சாணம், குதிரை எலும்பு, குதிரைக் காலில் மாட்டும் பனிமிதியடி ஆகியவை உண்டு. அந்த வழியில் போக்குவரத்து மிகுந்தது கி.பி. 1000ஐ ஒட்டி. ஓசபெர்க் கல்லறையில் கிடைத்த துணிச்சித்திரத்தில் குதிரைகள் வண்டிகளை இழுத்து ஊர்வலமாகச் செல்கின்றன. கூடவே உண்மையான வண்டியும் சறுக்குவண்டிகளும் கிடைத்தன.

கொம்பு வைத்த தலைக்கவசம்?

வைக்கிங் காலத்தைச் சேர்ந்ததாகக் கிடைத்த தலைக்கவசம் எதிலும் கொம்பு இல்லை. 1876இல் வாக்னரின் இசை நாடகத்துக்கு உடை வடிவமைத்தவர் வழியே புகழ்பெற்றது.

‘தி நார்த்மேன்’ படத்தில் வால்கிரி (மாண்ட வீரர்களை அழைத்துச் செல்லும் தேவகன்னி) வானில் ஓட்டிச் செல்லும் குதிரையையும் இப்படி அளக்க வேண்டுமா?

வேண்டாம். அது நாயகனின் கண்ணுக்கு மட்டும் தெரியும் குதிரை. அந்த மக்களே தம் தெய்வக் குதிரையை இயற்கைக்கு உட்படுத்தி வரையவில்லை. ஸ்வீடனின் கோட்லாந்துத் தீவில் கிடைத்து, இப்போது ஸ்டாக்ஹோமில் உள்ள ட்யெங்விட சித்திரக் கல்லில், ஒருவர் ஏறிவரும் குதிரைக்கு எட்டுக் கால்கள் செதுக்கப்பட்டுள்ளன. எதிரே ஒரு பெண் மதுக்கொம்பை நீட்டி அவரை வரவேற்கிறாள். பலர் அதை, தலைமைக் கடவுள் ஓடினின் குதிரையான ஸ்லெய்ப்னிர் என்று கொள்கிறார்கள். எட்டுக் கால் இருந்தாலும், ஏறியிருப்பவரோடு ஒப்பிட்டால் அந்தக் குதிரையும் பெரியதன்று.